அறுவைக்குப்பின் நடை பயிலல்



முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட அம்மையார் ஒருவர் ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். அகவை 66. அறுவை நடந்தது வலது காலில். வீட்டு வாயிலில் மூன்று படிகள். ஒருபுறம் மகன் தாங்கிக்கொள்ள, மறுபுறம் மருமகள் நிற்க, ஆலத்தி சுற்றி முடிந்தது. உறவில் மூத்த பெண்மணி ஒருவர், "வலது காலை எடுத்து வைத்து உள்ளே வாம்மா" என்று அன்போடு அழைத்தார். அம்மையாரும் வழிவழி வந்த பழக்கப்படி வலது காலையே முதற்படியில் ஊன்றி உடலை மேலே தூக்க முயன்றார். கால் தூக்கவில்லை, முழங்கால் மடங்கிக்கொண்டது. மகன் இறுகப் பிடித்துக்கொண்டதனால் விழாமல் தப்பினார்.

மருத்துவமனையில் சொல்லி அனுப்பியதோ வேறு. படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. ஏறுகையில், முதலில் வைக்கப்படும் காலே உடலின் எடையை மேலே தூக்குகிறது. இறங்குகையில், மேற்படியில் நிற்கும் காலே எடையைத் தாங்கி மெல்லக் கீழே இறக்குகிறது. ஆகவே இரு நிலையிலும் கடினமான வேலை நல்ல காலுக்கே போய்ச் சேர்கிறது. வாயிற்படியில் வலது கால் முந்துவது மங்கலம் என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் அறுவை நடந்தது வலது காலாக இருப்பின், சில வாரங்களுக்கு அந்த மங்கலத்தை இடது காலிடம் ஒப்படைத்துவிடுதல் நன்று.

அம்மையாருக்கு அன்று காயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு கணத்தின் அச்சம் அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது. அவரினும் மிகுதியாக வீட்டாரின் உள்ளத்தில் தங்கியது. அன்றுமுதல் அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. உணவு கட்டிலுக்கே வந்தது. காலை நீட்டினால் வலிக்கிறது என்றதும் முழங்காலின் கீழே மெத்தென்ற தலையணை ஒன்று வைக்கப்பட்டது. இதமாக இருக்கிறது என்றதும் இரண்டாவது தலையணையும் வந்தது. இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், மூன்று நாள் வீட்டிற்கு வந்தார். அவர் காலை மடக்கச் சொன்னபோது அம்மையார் அழுதார். நான்காம் நாள், "புண் நன்றாக ஆறட்டும், பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்று மகன் அவரை நிறுத்திவிட்டார்.

ஆறாம் வாரம் மறு ஆய்வுக்குச் சென்றபோது, ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்த அறுவை மருத்துவர் மூட்டு மிகச் சிறப்பாகப் பொருந்தியிருக்கிறது என்றார். பிறகு காலை அளந்து பார்த்தார். மடங்குவது 65 பாகை. நேராக நீள்வதற்கு 15 பாகை குறை. இன்னும் சில வாரங்களில் இது மாறாவிடில் மயக்க மருந்து கொடுத்துக் காலை வலிந்து மடக்கிவிட வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னபோது குடும்பம் திகைத்து நின்றது. புறக்கணித்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. மருந்து ஒருவேளைகூடத் தவறவில்லை. செலவுக்கும் தயங்கவில்லை. நடந்தது அத்தனையும் அன்பினால் நடந்தது. இன்றைய உரை அந்த அன்பைப் பற்றியதே.

மூட்டு என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். மூட்டுதல் என்றால் இணைத்தல், பொருத்தித் தைத்தல். சாக்கின் வாயை மூட்டுவது என்று களத்துமேட்டில் சொல்வார்கள். மருத்துவர் செய்வதும் ஏறத்தாழ அதுவே. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கணைக்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்துபோன பரப்பைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்து, உலோகக் கவசம் பொருத்தி, இடையில் வழவழப்பான பாலிஎத்திலீன் தகடு ஒன்றை வைக்கிறார். இன்று உலகெங்கும் செய்யப்படும் மூட்டு மாற்றின் முன்னோடி வடிவங்களுள் ஒன்றை நியூயார்க்கில் ஜான் இன்சால் முதலியோர் 1970களில் உருவாக்கினர். அந்த உலோகமும் தகடும் முதல் நாளிலிருந்தே தடையின்றி மடங்கும், நீளும். மடங்க மறுப்பவை அவற்றைச் சூழ்ந்துள்ள தோலும் தசையும் சவ்வும்.

அவற்றுள் தலையாயது தொடையின் முன்புறத் தசை. நான்கு பிரிவுகளாக இருந்து ஒன்றுகூடி முழங்காற்சில்லைப் பற்றிக் காலை நீட்டுவது அதுவே. எழுவது, நிற்பது, படியேறுவது யாவும் அதன் பொறுப்பு. அறுவை முடிந்த முதல் மாதத்தில் அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுவதை மருத்துவ ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். படுத்திருந்ததனால் மட்டும் இப்படி மெலிவதில்லை. மூட்டினுள் வீக்கமும் நீரும் சேரும்போது, அங்குள்ள நரம்புகள் தண்டுவடத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. தண்டுவடம் அந்தத் தசைக்குச் செல்லும் கட்டளையை அடக்கி வைக்கிறது. அடிபட்ட மூட்டைக் காக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதனால் "தொடையை இறுக்குங்கள்" என்று மருத்துவர் சொல்லும்போது, நோயாளி முழுமனத்தோடு முயன்றும் தசை அசைவதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் "மனசு வைக்க மாட்டேன் என்கிறாரே" என்று சலித்துக்கொள்கிறார்கள். மனம் வைத்துத்தான் இருக்கிறார். செய்திதான் போய்ச் சேரவில்லை. நாள்தோறும் திரும்பத் திரும்ப முயன்றால் அந்த அடைப்பு மெல்ல மெல்ல விலகும். வீக்கத்தைக் குறைப்பதும் அதற்குத் துணைசெய்யும்.

இன்னொன்று தழும்பு. வெட்டுப்பட்ட இடத்தை இணைக்க உடல் நாரிழைகளை நெய்கிறது. முதற் சில வாரங்களில் அவ்விழைகள் இளக்கமாக இருக்கும். இழுத்த பக்கம் இழுபடும். வாரங்கள் செல்லச் செல்ல முற்றி இறுகும். பச்சை மண்ணைக் குயவர் வனைவதற்கும் சூளையிலிட்ட பானையை வளைக்க முயல்வதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. "புண் நன்றாக ஆறட்டும், பிறகு மடக்கலாம்" என்னும் சொல் கேட்பதற்கு அறிவுடைமையாகத் தோன்றும். ஆனால் மடக்குவதற்கு எளிய காலம் முழுவதையும் கடத்திவிட்டுக் கடின காலத்தில் தொடங்குவதே அதன் பொருள்.

படுக்கையே மருந்து என்னும் எண்ணம் தமிழ் இல்லங்களுக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டு மருத்துவமனைகளும் நெடுங்காலம் அவ்வாறே நம்பின. வயிற்று அறுவை செய்யப்பட்டவர்களை வாரக்கணக்கில் அசையாமல் கிடத்துவது அங்கே வழக்கம். சிகாகோவில் எமில் ரீஸ் என்னும் மருத்துவர் தம் நோயாளிகளை அறுவைக்குப்பின் மிக விரைவிலேயே எழுப்பி நடக்கவிட்டு, அதனால் நன்மையே விளைந்தது என்று 1899இல் எழுதினார். கேட்பார் இல்லை. 1940களில், போர்க்காலத்தில் மருத்துவமனைப் படுக்கைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் மருத்துவ உலகம் அக்கருத்தின் பக்கம் பரவலாகத் திரும்பியது. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர், நெடுநாள் படுக்கையினால் நுரையீரலுக்கும் குருதி நாளங்களுக்கும் தசைக்கும் எலும்புக்கும் இறுதியில் மனத்திற்கும் நேரும் கேடுகளை, நகைச்சுவை இழையோடப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அடுக்கிக் காட்டினார். மருத்துவர்கள் ஏற்றுக்கொள்வதற்கே அரை நூற்றாண்டு ஆயிற்று. குடும்பங்களைக் குறை சொல்வது எளிதன்று.

வேலூரில் நடந்த ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. 1940களின் இறுதியில் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் தொழுநோயினால் விரல்கள் கொக்கிபோல் மடங்கிப்போன கைகளைச் சீராக்கத் தொடங்கினார். நரம்பு கெட்டதனால் செயலற்றுப்போன சிறுதசைகளுக்கு மாற்றாக, நல்ல நிலையிலுள்ள வேறொரு தசையின் நாணை எடுத்துப் புதிய வழியில் செலுத்தி விரல்களில் இணைப்பது அவர் செய்த முறை. கட்டு அவிழ்த்தபின் என்ன ஆகும்? அந்தத் தசைக்குத் தெரிந்தது பழைய வேலை. செய்ய வேண்டியதோ புதிய வேலை. விரலை ஒருவகையாக மடக்க எண்ணினால் வேறொரு வகையாக நகரும். நோயாளி தம் கையையே அயலார் கைபோல் பார்த்துத் திகைப்பார். தொடு உணர்வும் அற்ற விரல்கள் ஆதலால், கண்ணால் பார்த்துப் பார்த்தே பயில வேண்டியிருந்தது. இயன்முறைப் பயிற்சியாளர் பக்கத்தில் அமர்ந்து, குழந்தைக்கு எழுத்து அறிவிப்பதுபோல, நாள்தோறும் அக்கையைப் பழக்கினார். அப்பயிற்சி இல்லையேல் அத்தனை நுட்பமான அறுவையும் வெறும் தையலாகவே நின்றிருக்கும்.

அக்கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் 1954இல் ஊர்தி விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்பின்கீழ் இயக்கம் இழந்தார். பிராண்ட் தந்த ஊக்கத்தினால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கெனத் துறையையும், 1966இல் பாகாயத்தில் தனி நிலையத்தையும் உருவாக்கினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வேலூருக்கு மருத்துவத்திற்குச் செல்வோர் பலர். அவ்வூர்களுக்கு இத்துணை அருகில் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

இனி முழங்காலுக்கே திரும்பலாம்.

எத்தனை பாகை மடங்க வேண்டும் என்று பலரும் கேட்பர். சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 பாகை போதும். படியேற 80க்கு மேல் வேண்டும். நாற்காலியிலிருந்து இயல்பாக எழுவதற்கு 90ஐத் தாண்ட வேண்டும். தாழ்ந்த இருக்கையாயின் 105 அளவில். தரையில் சம்மணமிட இன்னும் மிகுதியாக மடங்க வேண்டும். மாற்று மூட்டு உடையோர் அவ்வாறு அமர்வதைப் பல மருத்துவர்கள் விரும்புவதில்லை. ஆகவே பந்தியானாலும் வழிபாடானாலும் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுதல் வேண்டும். பெரியவர் நாற்காலியில் அமர்ந்திருக்கப் பிறர் தரையில் இருப்பது மரியாதைக் குறைவு என்று கூசுவோர் இன்னும் உண்டு. அக்கூச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் சுற்றியிருப்பவர்களே.

மடங்குவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நீள்வதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உண்மையில் அதுவே முதன்மை. கால் முழுதும் நேராக நீண்டால், நிற்கும்போது எலும்பின்மேல் எலும்பு நின்று எடையைத் தாங்கிக்கொள்ளும். 15 பாகை வளைந்தே இருந்தால், நிற்கும் ஒவ்வொரு நொடியும் தொடைத்தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தசை சோரும், கால் குட்டையானதுபோல் நடை விந்தும், நாளடைவில் இடுப்பும் முதுகும் வலிக்கும். அதனாலேதான் முழங்காலின் கீழே தலையணை வைக்கலாகாது. வைப்பதானால் குதிகாலின் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, முழங்கால் தாங்கலின்றித் தொங்குமாறு சில நிமிடம் விட வேண்டும். இதமாக இராது. முழங்காலின் கீழ் வைத்த தலையணையே இதமாக இருக்கும். தீங்கு அந்த இதத்திலேயே ஒளிந்திருக்கிறது.

பயிற்சிகள் பார்வைக்கு மிக எளியவை. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது ஒன்று. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது குருதியை மேலே தள்ளுகிறது. காலின் நாளங்களில் குருதி உறைந்து கட்டிபடாமல் இருக்க இது துணை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து இருபது முறை செய்யலாம். அடுத்து, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்தித் தொடைத்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது. முதல் நாள்களில் ஒன்றும் நடவாததுபோலவே தோன்றும். செய்துகொண்டே இருக்க வேண்டும். பிறகு குதிகாலைப் படுக்கையோடு உரசியபடி உடலை நோக்கி இழுத்துக் காலை மடக்குவது. பருத்திச் சேலையோ நீண்ட துண்டோ பாதத்தில் சுற்றிக் கையால் இழுத்தும் உதவலாம். தசை விழித்தபின் காலை நேராகத் தூக்குவது. நாற்காலியில் அமர்ந்து பாதத்தைப் பின்னே நகர்த்திச் சில நொடி நிறுத்துவது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது மேற்படிப்பு. அதற்குச் சில வாரம் ஆகும். எதை எப்போது தொடங்குவது, எத்தனை முறை செய்வது என்பதை இயன்முறை மருத்துவரே வகுக்க வேண்டும். நாள்தோறும் அவரை வரவழைக்க வசதியில்லாதோர், முதல் ஓரிரு அமர்வுகளிலேயே ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துச் செய்யலாம். கைப்பேசியால் விளைந்த நன்மைகளுள் இதனையும் சேர்க்கலாம்.

காலைத் தானே மடக்கி நீட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. டொரான்டோ நகரின் ராபர்ட் சால்ட்டர் என்னும் மருத்துவரின் ஆய்விலிருந்து பிறந்தது. அதனை வாடகைக்கு எடுத்து வந்து, கால் அசைகிறது என்று மனநிறைவு கொள்ளும் குடும்பங்கள் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், மூட்டு மாற்றில் அதனால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சிறிது என்றே கண்டனர். வியப்பில்லை. அங்கே உழைப்பது இயந்திரம், தசை உறங்கிக்கொண்டிருக்கிறது.

வலியை என்செய்வது? வலியே இல்லாமல் இப்பயிற்சிகளைச் செய்ய இயலாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. இழுபடும்போது தோன்றிப் பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் தணியும் வலி பொறுக்கத்தக்கது. மறுநாள்வரை நீடித்து வீக்கத்தையும் கூட்டினால், அளவு மிகுந்துவிட்டது. குறைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்திவிடலாகாது. மருத்துவர் தந்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொண்டால் உதவும். மாத்திரையைத் தவிர்த்துப் பொறுத்துக்கொள்வது மனவலிமை என்று எண்ணிப் பயிற்சியையும் தவிர்த்துவிடுவோர் சிலர். அதனால் யாருக்கும் பயனில்லை. பயிற்சி முடிந்ததும் பனிக்கட்டியைத் துணியில் பொதிந்து 15 அல்லது 20 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். நீரிழிவினால் உணர்வு மங்கியோர் மருத்துவரைக் கேட்டே இதனைச் செய்ய வேண்டும். தையலின்மீது தைலம் தேய்ப்பதும் பச்சிலைப் பற்றுப் போடுவதும் கூடவே கூடா. கெண்டைக்கால் வீங்கிக் கடுமையாக வலித்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும், தையலிலிருந்து நீர் கசிந்தாலும், காய்ச்சலோடு சிவப்புப் பரவினாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இங்குள்ள குடும்பங்களுக்கு உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்தபின் உண்ணாத வழக்கம் உடையோர் பலர். இரவு உணவுக்குப்பின் என்று சீட்டில் எழுதப்பட்ட மாத்திரையை அவர்கள் வெறும் வயிற்றில் விழுங்கி வயிற்றெரிச்சலுக்கு ஆளாவதும், விழுங்காமலே விட்டு இரவெல்லாம் வலியோடு கிடப்பதும் நடக்கின்றன. அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இவ்வழக்கத்தைச் சொன்னால் மருந்து வகையையும் வேளையையும் அதற்கேற்ப மாற்றித் தர வழியுண்டு. கேளாமலிருப்பதே குறை.

பத்தியம் என்பதும் அவ்வாறே. பருப்புச் சேர்த்தால் புண் சீழ் வைக்கும் என்று ஒதுக்கி, இரசமும் சோறுமாகவே ஒரு மாதம் கொடுக்கிறார்கள். புதிய தசையும் தோலும் உருவாகப் புரதம் வேண்டும். புலால் உண்ணாதவர்க்குப் புரதம் தருவன பருப்பும் பயறும் சுண்டலும் நிலக்கடலையும் பாலும் தயிருமே. அவற்றையும் விலக்கிவிட்டால் பயிற்சி எதைக்கொண்டு தசையை வளர்க்கும்? சிறுநீரக நோய் உடையோர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்களின் நிலை தனியே சொல்லத்தக்கது. ஆடவர் அறுவை செய்துகொண்டால் மூன்று மாதம் கட்டிலில் வைத்துப் போற்றப்படுகிறார். வீட்டுத்தலைவி செய்துகொண்டாலோ மூன்றாம் வாரமே அடுக்களையில் நிற்கிறார். "வேலை செய்வதே அவருக்கு உடற்பயிற்சி" என்று வீட்டார் சொல்கிறார்கள். அவரும் அதையே சொல்கிறார். அடுப்பின்முன் இரண்டு மணி நேரம் நிற்பது பயிற்சியன்று. அதனால் வீக்கம் கூடும். வீக்கம் கூடினால் தசை மீண்டும் அடங்கும். இருபது நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் கால் தூக்கிப் பயிற்சி செய்யும் உரிமையை, அவர் கேளாமலே வீட்டார் தர வேண்டும்.

நடைக்கருவிகளைப் பற்றிச் சில சொற்கள். வாக்கரின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். கைத்தடிக்கு மாறியபின் அதனை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பது பெருவழக்கு, அது பிழை. எதிர்ப்பக்கத்தில் ஊன்றும்போதுதான் அறுவை செய்த கால்மீது விழும் சுமை குறையும்.

ஒருவர்க்குச் சொல்லிய பயிற்சியை மற்றொருவர் எடுத்துக்கொள்ளலாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முழங்காலை விரைந்து மடக்கச் சொல்லும் அதே மருத்துவர், தோள்பட்டைத் தசைநாரைத் தைத்தவர்க்குக் கையைச் சில வாரம் தூளியில் அசையாமல் வைக்கச் சொல்வார். இடுப்பு மூட்டு மாற்றியவர்க்குச் சில காலம் மிகக் குனியாதே என்பார். நெஞ்சறுவை செய்தவர்க்கு மூன்று பந்துகள் எழும்பும் சிறு கருவியைத் தந்து மூச்சை இழுக்கச் சொல்வார். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்வார். அவரவர் தையலுக்கு அவரவர் பாடம்.

தொடக்கத்தில் கூறிய அம்மையாரின் வீட்டில் ஆறாம் வாரத்திற்குப் பின் பலவும் மாறின. நிறுத்தப்பட்ட இயன்முறை மருத்துவரை மகன் நேரில் சென்று அழைத்து வந்தார். தலையணைகள் இரண்டும் அலமாரிக்குப் போயின. எட்டாம் வகுப்பில் படிக்கும் பேரன், மருத்துவர் காலை அளக்கும் கருவி தன் வடிவியல் பெட்டியிலுள்ள கோணமானியின் அண்ணன்போல் இருப்பதைக் கண்டு, ஞாயிறுதோறும் தானே ஒரு மரப்பட்டியையும் கோணமானியையும் வைத்து அளந்து நாட்காட்டியில் குறித்து வைக்கத் தொடங்கினான். அவன் அளவு இரண்டு மூன்று பாகை முன்பின்னாக இருக்கும். ஆயினும் பாட்டி அந்த எண்ணுக்காகவே வாரம் முழுதும் உழைத்தார். 70 என்று ஒரு ஞாயிறு. 78 என்று அடுத்தது. அதற்கடுத்த வாரமும் அதே 78. அன்று அவர் சரியாக உண்ணவில்லை. பயிற்சியின்போது மருமகள் பக்கத்தில் நின்று எண்ணுவார். பத்து முடியும்முன் அம்மையார் கண் கலங்கினால், முன்போல் "போதும் அத்தை" என்று சொல்லாமல், "இன்னும் மூன்றே அத்தை" என்பார். அந்த மூன்றைச் சொல்வது தமக்கே பெரும்பாடாக இருந்தது என்று அவர் பின்னர் உறவினரிடம் கூறியதுண்டு.

பன்னிரண்டாம் வாரம் மருத்துவர் அளந்தபோது 96 பாகை. நீள்வதில் இன்னும் 5 பாகை குறை. அது இன்றும் முழுதும் தீரவில்லை. மயக்க மருந்து கொடுத்து மடக்கும் தேவை எழவில்லை. தரையில் அமர அவரால் இயலாது. கோயிலுக்கு ஒரு மடக்கு நாற்காலியோடு செல்கிறார். வாயிலின் மூன்று படிகளையும் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக ஏறுகிறார்.

அவருடைய இடது முழங்காலும் தேய்ந்திருக்கிறது. அதற்கும் அறுவை வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாள் குறிப்பதற்கு முன்பாகவே தொடையை இறுக்கும் பயிற்சியை அம்மையார் இடது காலுக்கும் தொடங்கிவிட்டார். அறுவைக்கு முன்னரே தசையை வலுப்படுத்திக்கொள்வது பின்னர் உதவும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீடு திரும்பும் நாளைப் பற்றியும் அவர் எண்ணி வைத்திருக்கிறார். அன்று ஆலத்தி எடுத்து முடிந்ததும் உறவினர் முன்போலவே அழைக்கலாம். இம்முறை அறுவை இடது காலில் என்பதனால், வலது காலையே எடுத்து வைத்து உள்ளே வரலாம்.